பீங்கானின் மதியத் தூக்கம்

பீங்கானுக்குக் காது கேட்காமல் போன வருஷம், ஏழு வீட்டு வளவில் யாரும் புதிதாக எதுவும் பேசிக்கொள்ளவில்லை. பழையதைக் கேட்டு முடிக்கவே அவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது.

பீங்கான் என்பது பூனை. தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே, ஒரே நீளக் கூரையின் கீழ் ஏழு வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த வளவில், நான்காம் வீட்டுப் பிரகாசியின் பூனை. பதினேழு வருஷத்துக்கு முன்னால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் மிக்கேல் ஒரு சாயங்காலம் சாப்பாட்டுப் பைக்குள் வெள்ளையாக ஒரு குட்டியைப் போட்டுக் கொண்டுவந்து, வலது காதின் நுனி இல்லாததைப் பார்த்து, "விளிம்பு உடைஞ்ச பீங்கான் மாரி இருக்கு பாரு" என்றார். பெயர் அப்படியே நின்றுவிட்டது. மிக்கேல் நிற்கவில்லை. பூனையின் காது போன அந்த மாசி மாதத்தில், அவர் போய் மூன்றரை வருஷம் ஆகியிருந்தது.

முதலில் பிரகாசி அதைக் கிழட்டுத் திமிர் என்றுதான் நினைத்தாள். அரிவாள்மனையில் மீன் செதில் உரசும் சத்தம் கேட்டால் மூன்று கூரை தாண்டியும் வந்து நிற்கிற பூனை, ஒரு நாள் காலையில் அவள் ஒரு கூறு சாளை மீனை ஆய்ந்து முடிக்கும்வரை அவள் முதுகுக்குப் பின்னாலேயே படுத்துத் தூங்கியது. கையைத் தட்டினாள். மூடியைக் கீழே போட்டாள். ஈ உட்கார்ந்தால் துடிக்கிற அளவுக்குக்கூடக் காது துடிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் நடையே மாறிப்போயிற்று. பின்னாலிருந்து தொட்டால் பயந்து பிராண்டிவிடும் என்பதால் எப்போதும் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, புறங்கையை அதன் மூக்கருகே நீட்டி, வாசனை போய்ச் சேர்ந்த பிறகே தொட வேண்டும். வெளியே போய்விட்டு வந்தால் தரையை இரண்டு முறை மிதிக்க வேண்டும், வந்துவிட்டேன் என்று அந்த அதிர்வு அதன் கால் வழியாகப் போய்ச் சொல்லும். தன் குரல் தனக்கே கேட்காததால் அது சில நேரம் முற்றத்து நடுவில் நின்று, மூடுபனியில் கரையைத் தேடுகிற படகைப் போல அடிவயிற்றிலிருந்து நீளமாகக் கத்தும், அப்போது கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி அதன் கண்ணுக்கு எதிரே நிற்க வேண்டும், நின்றால் போதும். வண்டிச் சத்தத்துக்கு அது விலகாது என்பதால் வளவுக்காரர்கள் வாசலிலேயே வண்டியை அணைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வரப் பழகினார்கள்.

"ஒரு பூனைக்காகக் குனிஞ்சு வண்டியத் தள்ளுதேன், எங்க அப்பனுக்குக்கூட நான் இப்பிடிக் குனிஞ்சதில்ல," என்று ஆறாம் வீட்டு டேவிட்சன் தினமும் புலம்புவான். புலம்பிக்கொண்டே தள்ளுவான்.

சித்திரை கடைசியில், ஒரு மத்தியானம், தலையணை உறையைத் தைத்துக்கொண்டிருந்த பிரகாசி தன் குரலையே கேட்டாள். "ஏ பீங்கானே, நகரு, கொதிக்குது." அவள் வாய் மூடியிருந்தது, பல்லிடுக்கில் நூல் இருந்தது. குரல், தூங்கிக்கொண்டிருந்த பூனையின் இடது காதிலிருந்து, தலையணைக்கு அடியில் வைத்த ரேடியோவிலிருந்து வருவதுபோல வந்தது. தொடர்ந்து பால் பொங்கி அடுப்பில் சொரிந்தது, அணில் ஒன்று கத்தியது, அடுத்த வீட்டுக் கோமு தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்து "யம்மா" என்றாள். அவ்வளவும் மாசி மாதத்தில், பூனைக்குக் கடைசியாகக் காது கேட்ட வாரத்தில் நடந்தவை என்று பிரகாசிக்கு உடனே தெரிந்தது. அந்தப் பாலைத் துடைத்தவள் அவள்தான். பீங்கான் விழித்துச் சோம்பல் முறித்ததும் சத்தம் நின்றது. மறுநாள் மத்தியானம் அதற்கு முந்தின வாரம் வந்தது. அதற்கு மறுநாள், அதற்கும் முந்தினது.

"இம்புட்டு வருசமா உள்ள போனது எங்கனயாவது வெளிய வரத்தான செய்யும்க்கா," என்றாள் கோமு. ஐந்தாம் வீட்டுக்காரி, நாற்பது வயது, பிரகாசியின் வீட்டோடு ஒரு சுவரும் ஒரு முருங்கை மரமும் பொதுவாக வைத்திருப்பவள். "புதுசு உள்ள போகலன்னா பழசு வெளிய வரும். எங்க வீட்டுக் குழா அடச்சுக்கிட்டாலும் இதே கதைதான்."

அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. தேடுவதற்கு அவகாசமும் இல்லை, ஏனென்றால் பீங்கான் ஏழு வீட்டிலும் அடுப்படிவரை போய்வருகிற பூனையாக இருந்தது, ஏழு வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும் படுத்திருந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் அது எடுத்து வைத்திருக்கவில்லை. தேர்தல் ஒலிபெருக்கிகளும் தொலைக்காட்சியும் அதன் காதில் தங்கவே இல்லை. மீன்காரியின் கூவல், காலடிகள், கதவுத் தாழ்ப்பாள், யாராவது அழுவது, யாராவது அதன் பெயரைச் சொல்வது, இவைதான் வாரத்துக்கு ஒரு கைப்பிடியாக வந்தன. இரண்டாம் வீட்டு எஸ்தர், குவைத்துக்குப் போன மகள் வீட்டுக்குள் ஓடியாடிய சத்தம் என்றைக்காவது வரும் என்று ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். ஒன்றேமுக்கால் வருஷத்துச் சத்தம் தாண்டியபோது அது வந்தது, எஸ்தர் மூக்கைச் சிந்திவிட்டு ஸ்டூலை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். தவக்காலம் முழுக்கக் கஞ்சி மட்டும் குடிக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்த டேவிட்சன், மோட்டார் அறைக்குப் பின்னால் நின்று "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்று பூனையோடு பொரித்த நெத்திலி தின்ற சத்தம், நாற்பது நாளுக்கும் தவறாமல், மொறுமொறுவென்று வந்தது.

ஆனால் வளவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அந்த வீடுகளின் நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆள் உயரத்துக்கு மேலே எல்லாருக்கும் ஒரே காற்று, ஒரே சத்தம். அதனால் அடுத்த வீட்டுப் பேச்சு தான் கேட்கக் கூடாத இடத்துக்குத் திரும்புகிறது என்று தெரிந்தால், கையில் கிடைத்த பாத்திரத்தைத் தரையில் உருட்டிவிட வேண்டும். நீங்கள் பேசுங்கள், என் காது உங்களிடம் இல்லை என்று அதற்கு அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் மூன்று மாதத்தில் தானாகவே உருட்ட ஆரம்பிப்பார்கள். எந்த வீட்டில் எந்தப் பாத்திரம் என்பதும் எல்லாருக்கும் பழக்கம், எஸ்தர் வீட்டில் தட்டு, கோமு வீட்டில் பித்தளைப் போணி. பீங்கானின் காதிலிருந்து வீட்டுச் சண்டைகளும் விசும்பல்களும் வரத் தொடங்கியபோது, சம்பந்தமில்லாத ஆறு வீட்டுக்காரர்களும் மரியாதையாகப் பாத்திரத்தை உருட்டினார்கள், வளவு மத்தியான நேரத்தில் பாத்திரக்கடைபோல அலறியது, நடுவில் பூனை எதுவும் கேட்காமல் நிம்மதியாகத் தூங்கியது.

பிரகாசிக்குத்தான் நிம்மதி இல்லை. அவள் மூன்றாம் நாளே காலண்டர்களைப் பரப்பி வைத்து விரல்விட்டு எண்ணியிருந்தாள். மிக்கேல் இறந்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, பின்னாலிருந்து எண்ணினால் நூற்று எண்பத்து மூன்றாவது வாரத்தில் இருந்தது. நூற்று எண்பத்து மூன்று தூக்கம். அன்றைக்கு வீட்டில் அவரோடு இருந்தது பூனை மட்டும்தான். அவள் மீன் வாங்கத் தெருமுனைக்குப் போயிருந்தாள், திரும்பி வந்தபோது அவர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார், மடியில் பீங்கான் இருந்தது. நெஞ்சு நின்றுவிட்டது, சில நிமிஷத்தில் முடிந்திருக்கும் என்றார் டாக்டர். அந்தச் சில நிமிஷம்தான் மூன்றரை வருஷமாக அவளை ஒரு இடத்தில் உட்காரவிடவில்லை. சோற்றில் கைவைத்தால் எழுந்துவிடுவாள். ஜெபமாலையில் ஐந்தாவது மணிக்குமேல் விரல் நகராது. கதவைப் பூட்டிவிட்டுத் திறப்பாள், திறந்துவிட்டுப் பூட்டுவாள். அவர் வலியில் கத்தினாரா, யாரையாவது கூப்பிட்டாரா, ஏதாவது சொன்னாரா?

இன்னொன்றும் உண்டு, அது வளவுக்கே தெரியும். அவர் இறப்பதற்கு முந்தின பதினோரு நாளும் அவள் அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்த கூட்டாளிகளிடம் மிக்கேல், "துறைமுகச் சங்கு ஒரு நாளைக்கு மூணு தடவதான் ஊதும், எங்க வீட்டுச் சங்கு நிக்கவே நிக்காது" என்று சொல்லிச் சிரித்தார், அவளும் அடுப்படியில் நின்று கேட்டாள், அப்போதே வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வேண்டியது இருந்தால் பூனையிடம் சொன்னாள். "பீங்கானே, உங்க ஐயாகிட்டச் சொல்லு, சோறு ஆறுது." அவரும் பூனையிடமே பதில் சொன்னார். "பீங்கானே, உங்க அம்மாகிட்டச் சொல்லு, உப்பு கூட." பூனை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

பூனை தண்ணீரை ஓயாமல் குடித்து, முதுகெலும்பு சீப்புப்போலத் தெரிய மெலிந்தபோது, பிரகாசி அதைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள்.

"கிட்னி பாதிதான் வேலை செய்யுது. ஆறு மாசம் தாங்குனா ஆச்சரியம்."

"நூத்தியெண்பத்து மூணு நாள் தாங்குமா டாக்டர்? முப்பத்தியொண்ணு ஓடிருச்சு."

"அது என்னம்மா அப்படியொரு குறி?"

"ஒரு சேதி வரணும்," என்றாள் பிரகாசி.

கோயம்புத்தூரில் மகள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சியபோதுகூட அவள் போகவில்லை. எழுபதாவது தூக்கம், எண்பதாவது தூக்கம் என்று அவள் பூனைக்கு மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள், மீனை முள் இல்லாமல் மசித்து ஊட்டினாள், அது தூங்கத் தாமதித்த மத்தியானங்களில் அதைவிட அதிகமாகத் தவித்தாள், மார்பில் போட்டுக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், தூங்கிய மத்தியானங்களில் எங்கே விழித்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

நூற்று ஆறாம் நாள் காலையில் பீங்கானைக் காணவில்லை.

காது கேட்கிற பூனை என்றால் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம், தட்டைத் தட்டலாம். காது கேட்காத பூனையைத் தேடுகிறவர்கள் கண்ணால் மட்டுமே தேட வேண்டும். வளவே கிளம்பிக் கூரைகளிலும் சாக்கடைப் பலகைகளுக்கு அடியிலும் சத்தமில்லாமல் குனிந்து குனிந்து தேடியது. பிரகாசி செருப்புப் போட மறந்து, தெருத்தெருவாக நடந்து, வெயில் ஏறி, மீன்பிடித் துறையில் வலை காயப்போடுகிற மணலுக்கு வந்து சேர்ந்தபோது உச்சி நேரமாகியிருந்தது. தூங்குகிற நேரம். இன்றைய வாரம் யாரும் கேட்காமல் எங்கோ மண்ணில் கொட்டிப் போகிறது என்று நினைத்தாள். அப்போதுதான், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்கு அடியிலிருந்து அவள் குரல் அவளைக் கூப்பிட்டது. "பீங்கானே… பீங்கானே… எங்கன போய்த் தொலைஞ்ச? வா, வந்து தின்னு." இரண்டு வருஷத்துக்கு முந்தின ஏதோ ஒரு நாளின் குரல், அன்றைக்கும் அவள் தேடியிருக்கிறாள். மணலில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டு, சாக்குத் துணியோடு அதை இழுத்தெடுத்தாள்.

பின்னால் டேவிட்சன் நின்றான். மோட்டார் கம்பெனியில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கை, கரியாக இருந்தது.

"நாந்தான் மைனி கொண்டாந்து விட்டேன். மனசு கேக்கல, திரும்ப எடுக்க வந்தேன்." அவன் மணலைப் பார்த்தான். "என் கல்யாணத்து வாரம் வருதுல்லா. எங்க அப்பாவ… நீ குடிச்சிட்டு வந்து மானத்த வாங்குவ, வராதன்னு போன்ல சொன்னேன். அவருக்குக் காய்ச்சல்னு உங்ககிட்டயெல்லாம் பொய் சொன்னேன். அப்ப இது என் கால்கிட்டதான் கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது."

"உன் வாரம் முந்தாநாளே போயிருச்சு டேவிட்சா. நீ வேலைக்குப் போயிருந்த."

அவன் நிமிர்ந்தான்.

"எல்லாரும் பாத்திரத்த உருட்டிட்டோம்," என்றாள் பிரகாசி. "உன் பொண்டாட்டிதான் முதல்ல உருட்டினா."

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து, பூனையை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வளவுவரை வெயிலில் அவளுக்கு முன்னால் நடந்தான்.

அதன்பின் நாட்கள் மெல்லப் போயின. ஆவணி போய்ப் புரட்டாசி போய், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நூற்று எழுபதுக்குமேல் பீங்கான் எழுந்து நடக்கவில்லை. நூற்று எண்பத்து இரண்டில் பிரகாசியின் ஒப்பாரியும், சவப்பெட்டியில் ஆணி அடித்ததும், பாதிரியாரின் பாட்டும் வந்தன. அவள் கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டாள். "நாளைக்கு ஒரு நாள் யாரும் எதையும் உருட்டாதீக. எங்க வீட்டுச் சங்கதி என்ன வந்தாலும் பரவாயில்ல. கேட்டுக்கிடுங்க. ஒரு கரண்டி விழக்கூடாது."

மறுநாள் மழை வெறித்திருந்தது. பதினேழு பேர் நான்காம் வீட்டுக்குள்ளும் வாசலிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கோமு அடுப்படிப் பாத்திரங்களையெல்லாம் கட்டிலில் போர்வை விரித்து அடுக்கிவிட்டு வந்தாள். எல்லாரும் கைகளை மடியில், கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டார்கள். பிரகாசி முன்னால் வந்து, புறங்கையைக் காட்டித் தொட்டு, பூனையை எடுத்து மடியில் கிடத்தினாள். அது கண்ணை மூடியது.

முதலில் பிரகாசியே வந்தாள், பூனையிடம் தூது சொல்லிக்கொண்டு. தட்டைத் தரையில் ணங்கென்று வைத்தாள். மிக்கேல் இருமினார். "பீங்கானே, அவகிட்டச் சொல்லு, மாத்திர எங்க வச்சான்னு." யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பிறகு சோறு கொதிக்கிற சத்தம். கதவுத் தாழ்ப்பாள் மெதுவாக, மிக மெதுவாக விலகுகிற சத்தம். அது அவள்தான், பூனையிடம்கூடச் சொல்லிக்கொள்ளாமல் மீன் வாங்கப் போகிறாள். சோறு கொதித்துக்கொண்டே இருக்கிறது. பிரம்பு நாற்காலி முனகியது. பூனை உறுமுகிற இதமான உறுமல். பிறகு மிக்கேல்.

"ஏட்டி பிரகாசி."

பூனையை நடுவில் வைக்காமல், நேரே. பதினோரு நாளுக்குப் பிறகு. அடுப்படியைப் பார்த்துச் சொல்கிற குரல், அதில் வலி இருந்ததா என்று தெரியவில்லை, களைப்பு இருந்தது, கொஞ்சம் வெட்கமும்.

"போதும்ட்டி. இங்க வா. நான் ஒண்ணு சொல்லணும், கேளு…"

அந்த நொடியில் பாத்திரம் உருண்டது.

எல்லாரும் துள்ளித் திரும்பினார்கள். எல்லார் கையும் மடியில் இருந்தது. கட்டிலில் போர்வை அசையவில்லை. பாத்திரமோ உருண்டுகொண்டே இருந்தது, கணகணகணவென்று சுற்றி, நின்றுவிடும்போலத் தயங்கி, விளிம்பில் சாய்ந்து மறுபடி சுற்றியது, அதற்கு அடியில் எங்கோ ஆழத்தில் மிக்கேலின் குரல் ஏறி இறங்கியது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சத்தம் பூனையின் காதிலிருந்துதான் வந்தது.

"அது எம் போணி," என்றாள் கோமு.

பாத்திரம் ஒருவழியாக ஓய்ந்தது. "சரியா?" என்றார் மிக்கேல். கொஞ்சம் பொறுத்தார். சிரிப்பதுபோல மூச்சு விட்டார். "சரிதானட்டி?" பிறகு சோறு கொதித்தது. பூனை உறுமியது. வெகுநேரம் சோறுமட்டும் கொதித்தது. கடைசியில் தாழ்ப்பாள் ஓசை, செருப்பை உதறும் ஓசை, பிரகாசியின் குரல்: "பீங்கானே, உங்க ஐயாகிட்டக் கேளு, சோத்த வடிக்கக்கூடவா ஒருத்தருக்குக் கை இல்லன்னு."

பீங்கான் கண்ணைத் திறந்தது.

கோமு சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு நீங்க உள்ள இருக்கீகன்னு நெனச்சேன்க்கா. சோறு கொதிக்குதேன்னு நெனச்சேன். இத்தன நாள் கழிச்சுப் பேரச் சொல்லிக் கூப்பிடுதாக, புருசனும் பொண்டாட்டியும் பேசட்டும்னு…"

"ஒரு சொல்லுகூடவா உன் காதுல விழல?"

"விழக்கூடாதுன்னுதானக்கா உருட்டினேன்."

பிரகாசி பூனையை அவள் மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். முற்றத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தேங்கியிருந்த மழைத்தண்ணீரில் அவள் கால் பட்டுப் பட்டுத் தெறித்தது. பின்னால் வளவு மெல்லப் பேசத் தொடங்கியது. தண்ணீர் கேட்டிருப்பார் என்றாள் எஸ்தர், மகள் வீட்டோடு போய்விடுவோமா என்று கேட்டிருப்பார் என்றது ஒரு குரல், மன்னிப்புத்தான் கேட்டிருப்பார் என்றான் டேவிட்சன், மன்னிப்புக் கேட்கிறவன் சரியா சரியா என்று அதட்டுவானா என்று அவன் மனைவி மடக்கினாள். ஒவ்வொன்றும் பொருந்தியது. ஒவ்வொன்றும் அவளைக் குத்தியது. அவர் கத்தவில்லை, தனியாக இருக்கிறோம் என்று நினைக்கவும் இல்லை; அடுப்படியில் அவள் வீம்பாக நிற்கிறாள், எப்படியும் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு பதிலுக்காகக் காத்திருந்தார். இரண்டு தடவை கேட்டார். அது ஒன்றுதான் தெரிந்தது.

அவள் திரும்பி வந்தாள். கோமுவின் எதிரே, பூனையின் கண்ணுக்கு நேரே, ஈரக் காலோடு தரையில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்த கோமுவின் முழங்காலில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். வளவு பேச்சை நிறுத்தியது. யாருடைய கையோ பழக்கத்தில் ஒரு பாத்திரத்தைத் தேடித் தரையைத் தடவியது. டேவிட்சன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"சரி," என்றாள் பிரகாசி.

முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில், எதற்கு என்று கேட்காமல் அவள் சரி சொன்னது அது ஒன்றுக்குத்தான்.